ஏழாவது பிரமுகர்

செத்தவர்களை நல்லவர்களாக்குவது பல வருடமாக என் சனிக்கிழமை வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில், உயிரோடு இருக்கும் பிள்ளைகளை நல்லவர்களாக்கப் பார்த்தேன். அதில் சொல்லிக்கொள்ளும்படி வெற்றி இல்லை. செத்தவர்கள் பரவாயில்லை. சொன்னபடி கேட்பார்கள், எழுந்து ஓடமாட்டார்கள், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மூக்கை நோண்டமாட்டார்கள்.

பதுளைக் கடைவீதியின் கீழ்க்கோடியில் ஓர் அச்சகம் இருந்தது. கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், பள்ளிவாசல் கந்தூரி அழைப்பு எல்லாம் அங்கேதான். வருடத்துக்கு ஒரு தடவை, தை பிறக்கும் முன்னால், ஓர் ஆண்டு மலர் போடுவார்கள். அதில் விரத நாளும் இருக்கும், நோன்பு திறக்கும் நேரமும் இருக்கும், லுணுகலை பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். நடுவில் இரண்டு பக்கம், அந்த வருடம் காலமான பிரமுகர்களுக்கு. மலரை வாங்குகிற பெரிய மனிதர்கள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள், தாங்கள் அதில் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக. அந்த இரண்டு பக்கத்தையும் எழுதியவன் நான்.

வேலை கிடைத்த கதை சிறியது. எங்கள் தலைமையாசிரியர் இறந்தபோது சவ வீட்டில் நான் பேசினேன். கூட்டம் அழுதது. அவருடைய மனைவி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, "இவரு யாரப் பத்திப் பேசுறாரு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாராம். அந்தக் கூட்டத்தில் அச்சக முதலாளியும் இருந்தார். பதுளையில் இரண்டு தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துக்காரர். வெளியே வரும்போது என் தோளில் கை போட்டு, "மாஸ்டர், ஒங்கட வாய்க்கு எங்கட்ட ஒரு வேல ஈக்குது" என்றார்.

வேலையில் கஷ்டம் ஒன்றும் இல்லை. நல்லவர்களுக்குத் தேவையான சொற்கள் மொத்தம் ஒரு கைப்பிடிதான். 'பண்பின் சிகரம்', 'எல்லோராலும் மதிக்கப்பட்டவர்', 'பசித்தோர்க்கு அன்னமிட்ட வள்ளல்'. அச்சுக்கோர்க்கும் அண்ணன் இவற்றை ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தாகக் கோர்ப்பது வீண் என்று, கோர்த்ததைக் கலைக்காமல் நூலால் கட்டி ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார். ஆள் செத்ததும் அந்தச் சொற்கட்டை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். 'வள்ளல்' கட்டில் ஓர் எழுத்தின் தலை உடைந்திருந்தது. அந்த உடைந்த தலையோடு ஊவா மாகாணத்தின் எத்தனையோ வள்ளல்கள் சொர்க்கத்துக்குப் போனார்கள்.

பிரமுகர் என்பவர் யார் என்பதற்கு முதலாளியிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது. படம் இருக்க வேண்டும். "படம் ஈந்தா பெரிய மனுசன். படம் இல்லாட்டி மனுசன்" என்பார்.

இந்தச் சிரிப்பெல்லாம் மாவுக்கு வரிசையில் நின்ற அந்த வருடத்துக்கு முன்னால். என் வயதுக்காரர்களுக்கு எந்த வருடம் என்று சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த அரிசி பாதியானது, பிறகு அந்தப் பாதியும் எப்போது வரும் என்று தெரியாமல் போனது. பாண் ரொட்டியும் மாவும் வதந்தியாகின. தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் சனங்கள் மரவள்ளி இலையை அவித்தார்கள். அது முடிந்ததும் பெயர் தெரியாத இலைகளை அவித்தார்கள். வகுப்பில் ஒரு நாள், "ஒரு கூடையில் பத்து மாம்பழம் இருக்கிறது" என்று கணக்கைத் தொடங்கினேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "எந்தக் கூட சார்?" என்று கேட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். நான் சிரித்தேன். அந்த வருடம் நான் சிரித்த சிரிப்புகளைத் திருப்பிக் கொடுக்க ஓர் இடம் இருந்தால் போய்க் கொடுத்துவிட்டு வருவேன்.

சாவுகள் வரிசையாக வந்தன. முதலில் கிழடுகள், பிறகு கைக்குழந்தைகள், பிறகு வயது பார்க்காமல். ஒரு சவ ஊர்வலத்தில் தப்பு அடிக்க வந்தவர் பாதி மேட்டில் தப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரை எழுப்பவில்லை. மீதி வழி தப்புச் சத்தம் இல்லாமல் போனோம்.

அதே வருடத்தில் பிரமுகர்களும் இறந்தார்கள். ஆறு பேர். ஆறு பேருக்கும் நல்ல படம் இருந்தது. அதில் முதலாமவர் ஒரு பெரிய கங்காணி. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான ஆட்களுக்குத் தலைவராக இருந்து, பிறகு பதுளையில் மாடி வீடு கட்டிக் குடியேறியவர். சீனி வியாதியில் இறந்தார். அந்த வருடம் தோட்டத்தில் யார் கண்ணிலும் படாத சீனி முழுவதும் அவர் இரத்தத்தில் இருந்திருக்கிறது. இதை நான் எழுதவில்லை. பசித்தோர்க்கு அன்னமிட்ட வள்ளல் என்று எழுதினேன்.

மலர் வேலை நடந்துகொண்டிருந்த மார்கழியில் ஒரு சாயங்காலம், எங்கள் தோட்டத்துக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி பாடசாலைக்கு வந்தாள். கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருக்கிறாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு இன்னும் ஈரமாக இருந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம்தான் படித்தார்கள்.

"மாஸ்டர் ஐயா, நீங்க செத்தவங்கள அச்சுல போடுறீங்களாமே."

"போடுறேன். ஒனக்கு இன்னும் நாள் இருக்கு தங்கச்சி."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு இல்லீங்க. எங்க வீட்டு ஆளுக்கு."

என் பகிடிகள் பெரும்பாலும் இப்படித்தான் போய் விழும். பெஞ்சைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

அவள் புருசன் கவ்வாத்து வெட்டுகிறவன், தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தியால் கழிக்கிற வேலை. தோட்டத்தில் வேலை குறைந்ததும் மூட்டை தூக்கவாவது போகலாமென்று பதுளைக்குப் போக ஆரம்பித்தான். காலையில் அவன் பங்குக்கு அரை ரொட்டி இருக்கும். அதைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டு, "நான் டவுன்ல சாப்பிட்டுக்கிறேன்" என்பான். ஐப்பசியில் ஒரு நாள் போனவன் வரவில்லை. நாலாம் நாள் பக்கத்து லயத்து ஆள் ஒருவர் வந்து, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடை வாசலில் அவன் செத்துக் கிடந்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். இவள் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள், கேட்பாரில்லாத பிணம் என்று எடுத்துப் புதைத்துவிட்டார்கள். அப்போது இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கண்ட ஆளும் அடுத்த மாதமே குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

"இப்ப என்ன வேணும்?"

"நாங்களும் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருக்கோங்க. பாஸ்போட் பாரத்துல அவருதான் குடும்பத் தலைவரு. கண்டியில இந்திய ஆபீஸ் கந்தோர்ல கேட்டா, ஒண்ணு அவர் வந்து கையெழுத்து வைக்கணும், இல்லாட்டி அவர் செத்ததுக்குக் கடுதாசி வேணும்ங்கிறாங்க. டிஸ்பென்சரி ஐயா, தோட்டத்துல சாகாத ஆளுக்கு நான் எப்புடிக் குடுப்பேன்ங்கிறாரு. பதுளையில, பேர் தெரியாத ஒரு ஆம்பளையத்தான் பொதைச்சோம், அது ஒன் புருசன்னு யாரு சாட்சின்னு கேக்குறாங்க. சாட்சி ராமேஸ்வரத்துல எறங்கியிருப்பாரு."

"பேப்பர்ல போடலாமே."

"கொழும்புக்கு எழுதிப் பாத்தோங்க. மரணச் சட்டிவிக்கட்டு இருந்தாத்தான் மரண அறிவித்தல் போடுவாங்களாம்."

செத்ததை நிரூபிக்கச் சாவுக் கடுதாசி, சாவுக் கடுதாசிக்குச் செத்ததை நிரூபிக்க வேண்டும். ஒரு நல்ல பகிடி. நான் போட்டதல்ல என்பதால் நன்றாகவே அமைந்திருந்தது.

"கந்தோர் வாசல்ல நிக்கிற ஆளு ஒருத்தருதான் சொன்னாரு. அச்சுல வந்த எதையாச்சும் கொண்டாந்து காட்டு, ஐயாமாரு மனசு வைப்பாங்கன்னு. எங்கண்ணன் குடும்பம் பங்குனியில பொறப்படுது. அதுக்குள்ள பாஸ்போட் வந்திருச்சுன்னா நாங்களும் அண்ணன் கூடவே போயிருவோம். ரெண்டு புள்ளைகள வச்சுக்கிட்டு நான் தனியா எந்த ஊருன்னு போயி எறங்குவேன்?"

"சரி. என்ன போடணும்?"

"செத்துட்டாருன்னு போடுங்க. பேரு, தோட்டம், இன்னாரு புருசன், கவ்வாத்து வெட்டுறவரு, ஐப்பசியில பதுளைச் சந்தைக்கிட்ட செத்துட்டாரு. அவ்வளவு போதுங்க."

இதை அவள் சொன்னபடியே இங்கே எழுதியிருக்கிறேன். அன்றைக்கும் அப்படியே எழுதியிருக்கலாம்.

சனிக்கிழமை முதலாளியிடம் சொன்னேன். எதிர்பார்த்த கேள்விதான் வந்தது. "படம் ஈக்கா?"

வாழ்நாளில் அவன் எடுத்துக்கொண்ட ஒரே படம் பாஸ்போர்ட்டுக்கான குடும்பப் படம். அது கண்டியில், பாரத்தோடு குத்தப்பட்டுக் கிடக்கிறது. லயத்துச் சனங்களுக்கு அப்போதெல்லாம் இந்த நாட்டை விட்டுப் போவதற்குத்தான் படம் எடுப்பார்கள், இருப்பதற்கு எடுப்பதில்லை.

முதலாளி கடை வாசலைப் பார்த்தார். அந்த வருடம் காலையில் கடைக் கதவைத் திறக்கும்போது அவர் என்னென்ன பார்த்தார் என்பதை நான் கேட்டதில்லை. கடைசியில், "குத்துவெளக்குப் படம் வெட்டின அச்சு பிளாக் ஒண்டு கெடக்குது. படத்துக்குப் பதிலா அதப் போடுவம்" என்றார். "ஆனா மாஸ்டர், நான் ஒண்டு செல்றன். ஆறு பெரிய மனுசன்மாருக்குப் பக்கத்துல இவர வக்கிறோம். பாக்கிறவன் இது ஆரெண்டு கேக்கப்படாது. அந்தக் குடும்பங்கள் என்னத் திண்டுடும். எழுத்திலயாவது பெரிய மனுசனா ஈக்கணும்."

இந்த இடத்தில் முதலாளியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நழுவிவிடலாம். ஆனால் உண்மை என்னவென்றால், அவர் கேட்டது ஒரு படி, நான் அளந்தது ஒரு மூட்டை. எனக்கு ஆசை வந்துவிட்டது. கங்காணிக்கும் அந்த ஆறு பேரில் இன்னொருவரான பஸ் முதலாளிக்கும் கொடுத்த சொற்களை ஒரு கவ்வாத்துக்காரனுக்குக் கொடுத்தால் என்ன என்று ஒரு வீம்பு. ஏதோ புரட்சி செய்வதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினேன். 'மடுல்சீமைத் தோட்டத்துறைப் பிரமுகரும், தேயிலைச் செய்கையின் நுட்பங்களைக் கால் நூற்றாண்டு காலம் கற்றுத் தெளிந்தவரும், எல்லோராலும் மதிக்கப்பட்டவரும்' என்று போனது. அரை ரொட்டியைப் பிள்ளைகள் பக்கம் தள்ளியது ஞாபகம் வந்தது. 'பசித்தோர்க்கு அன்னமிட்ட வள்ளலும்' என்று சேர்த்தேன். அத்தனை வருடத்தில் அந்தச் சொற்களை உண்மையாக எழுதியது அந்த ஒரு தடவைதான்.

அச்சுக்கோர்க்கும் அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, "வள்ளல் கட்டு ஒண்ணுதான் இருக்கு மாஸ்டர். அதுல கங்காணி படுத்திருக்காரு" என்றார்.

"அப்ப?"

"இடப்பக்கத்த அடிச்சு முடிப்போம். கங்காணிய எழுப்பிட்டு இவரப் போடுவோம்."

அப்படியே நடந்தது. இடப்பக்கம் கங்காணியோடு மூன்று பேர். வலப்பக்கம் மூன்று பேர், கீழே ஏழாவதாக ஒரு குத்துவிளக்கு.

மலர் வந்ததும் ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நானே ராகத்தோடு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இது யாருங்க?" என்றாள்.

"ஒன் புருசன்தான்."

"அவரா." இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கேட்டாள். புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். அவள் முகத்தில் இருந்தது பெருமை என்று நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் நடையே மாறிவிட்டது.

தை மாதம் கண்டிக்குப் போய் வந்தாள். பஸ் காசை யார் யாரிடமோ கேட்டு வாங்கிக்கொண்டு, தன் அண்ணனோடு போயிருக்கிறாள். திரும்பி வந்த மறுநாள் பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

பாரத்தை ஒரு பக்கத்திலும் மலரை ஒரு பக்கத்திலும் வைத்துப் பார்த்திருக்கிறார் கந்தோர் ஐயா. அவர் சொன்னதை அவள் ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருந்தாள். "இந்தப் பாரத்துல இருக்கிறவரு கூலிக்குக் கவ்வாத்து வெட்டுறவரு. இதுல போட்டிருக்கிறவரு பிரமுகரு. ஊருக்கே சோறு போட்ட வள்ளலு கடை வாசல்ல பட்டினியா கெடந்து சாவாராம்மா? பேரு ஒண்ணா இருக்குதுன்னு எந்தப் பெரிய மனுசனோட சாவையோ தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறியே."

 அவளுக்கு என் மேல் கோபம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் செத்துட்டாருன்னு மட்டும்தானேங்க போடச் சொன்னேன், மாஸ்டர் ஐயா."

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. அதையும் கந்தோர் ஐயாவே சொல்லி அனுப்பியிருந்தார். மலரில் எழுதிய ஆள், அதில் இருப்பவரும் இந்தப் பாரத்தில் இருப்பவரும் ஒருவரே என்று சத்தியக் கடுதாசி எழுதி, ஒரு ஜே.பி.யின் முன்னால் கையெழுத்து வைத்து, அவருடைய முத்திரையோடு கொண்டுவர வேண்டும். பங்குனிக்கு முன்னால். ஜே.பி. என்றால் சமாதான நீதவான். ஊரில் ஒரு பெரிய மனிதருக்கு அரசாங்கம் கொடுக்கும் பட்டமும் ஒரு ரப்பர் முத்திரையும்.

அன்றிரவே எழுதினேன். 'மேற்படி ஆண்டு மலரில் ஏழாவதாகக் குறிப்பிடப்பட்டவர் பிரமுகர் அல்ல. அவர் பாஸ்போர்ட் பாரத்தில் உள்ள அதே கவ்வாத்துத் தொழிலாளி. அவரைப் பற்றி நான் எழுதிய அலங்காரச் சொற்கள் பொய். அவர் இறந்தது மட்டும் உண்மை.' நான்கு வரி. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் இவ்வளவு நல்ல எழுத்து வேறு இல்லை. யார் வீட்டு வாசலிலும் மாட்டமாட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பழக்கமான ஜே.பி. பதுளையில் ஒருவர்தான். செத்துப்போன பெரிய கங்காணியின் மூத்த மகன்.

சனிக்கிழமை காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் மாடி வீட்டுப் படியில் நின்றுகொண்டாள். உள்ளே ஜே.பி. என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றார்.

"வாங்க மாஸ்டர். வராதவங்க வந்திருக்கீங்க. அப்பாவுக்கு நீங்க எழுதினத வாசிச்சு அழாத ஆள் இல்ல."

சுவரில் மலரின் இடப்பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. மாலை போட்டிருந்தார்கள்.

தேநீர் வந்தது. சீனி போட்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கென்ன, குடுங்க" என்று மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். மைப் பெட்டியின் மூடியையும் கழற்றினார். பிறகுதான் கடுதாசியை வாசித்தார். 'பொய்' என்ற சொல்லில் அவர் விரல் நின்றது.

"அந்த மலர் கையில இருக்கா?"

கொடுத்தேன். வலப்பக்கத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். எழுந்து போய்ச் சட்டத்துக்குப் பக்கத்தில் புத்தகத்தைப் பிடித்தார். இரண்டிலும் பசித்தோர்க்கு அன்னமிட்ட வள்ளல். இரண்டிலும் அதே எழுத்துக்குத் தலை உடைந்திருந்தது.

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல எங்கப்பா முன்னால கைகட்டி நின்னவன்" என்றார், திரும்பாமல். "அவனுக்கும் எங்கப்பாவுக்கும் ஒரே வார்த்தை."

"அச்சகத்துல கட்டு ஒண்ணுதாங்க இருக்கு."

"அது சரி." வந்து உட்கார்ந்தார். கடுதாசியை என் பக்கம் திருப்பி வைத்தார். குரல் உயரவில்லை. "இதுக்கு நான் முத்திர குத்தினா, நீங்க எழுதினது பொய்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்ப எங்கப்பாவுக்கு எழுதினதும் பொய்யா, மாஸ்டர்?"

அந்த மனிதர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு சொல்தான். 'இல்லைங்க.' அதைச் சொல்லியிருந்தால் முத்திரை குத்தியிருப்பார். மை தயாராக இருந்தது. பொய் சொல்வது எனக்குப் புதிதா? பல வருடம் அதே வேலையாக இருந்தவன். அவருடைய அப்பாவுக்காக மலரில் அத்தனை பொய் சொன்னவனுக்கு, படியில் நிற்பவளுக்காக இன்னும் ஒன்று சொல்ல என்ன கேடு?

ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. பகிடி ஒன்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டால் அதை விழுங்கி எனக்குப் பழக்கமில்லை.

"அதுக்கும் ஒரு சத்தியக் கடுதாசி எழுதிக்கிட்டு வரட்டுங்களா?" என்றேன்.

நல்ல பகிடிதான். இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஜே.பி. மைப் பெட்டியை மூடினார். முத்திரையை இழுப்பறையில் வைத்தார். இழுப்பறையைத் தள்ளினார். "தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். சீனி போட்ட தேநீரை அந்த வருடம் யாரும் மிச்சம் வைப்பதில்லை.

படியில் அவள் என் கையிலிருந்த கடுதாசியைப் பார்த்தாள்.

"சீல் குத்தினாருங்களா?"

"இல்ல."

"ஏங்க?"

"ஐயாவுக்கு மனசு சரியில்ல. இன்னொரு நாள் பாப்போம்."

உள்ளே சொல்ல வேண்டிய பொய்யை வெளியே வந்து அவளிடம் சொன்னேன்.

அதன் பிறகு நான் ஓடாத ஓட்டம் இல்லை. பண்டாரவளையில் ஒரு ஜே.பி., தன் பகுதியில் நடக்காத சாவுக்குத் தன்னால் முடியாது என்றார். பசறையில் இருந்தவர், மலரில் இருந்த பஸ் முதலாளிக்கு மைத்துனர். கடுதாசியை வாசித்துவிட்டு, பதுளை ஜே.பி. ஏன் வைக்கவில்லை என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவருக்கே தெரிந்திருந்தது. பெரிய மனிதர்களுக்குள் செய்தி போகும் வேகத்தில் லுணுகலை பஸ் போனால் நாடு முன்னேறியிருக்கும்.

பங்குனி வந்தது. பதுளை ரயில்வே ஸ்டேஷனில் அண்ணன் குடும்பத்தை ஏற்றிவிட அவள் வந்திருந்தாள். கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகும் சனங்களும் அவர்களை அனுப்ப வந்த சனங்களும் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் அழவில்லை. அண்ணன் பெண்டாட்டி கழற்றிக் கொடுத்த கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு, ரயில் போனபிறகும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பக்கத்தில் போனால் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ஆடியில் பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று கண்டியிலிருந்து கடிதம் வந்தது. என்னிடம்தான் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். குடும்பத்தில் நான்கு பேர். முதல் பெயர் அவனுடையது. குடும்பத் தலைவர் நேரில் வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளவும்.

இதற்குப் பிறகு நான் மலருக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் இந்தக் கட்டுரை எடுப்பாக இருக்கும். நிறுத்தவில்லை. இன்னும் நான்கு வருடம் எழுதினேன். முதலாளி மவுத்தாகி, மகன்கள் அச்சு இயந்திரத்தை விற்றபிறகுதான் நின்றது. அந்த நான்கு வருடமும் வள்ளல் கட்டைத் தொடவில்லை என்பது மட்டும் உண்மை. அச்சுக்கோர்க்கும் அண்ணன் கேட்டபோது, அந்த எழுத்துக்குத் தலை உடைந்துவிட்டது என்றேன். "அது எப்பவோ ஒடைஞ்சது மாஸ்டர்" என்றார்.

அந்த நான்கு வருடத்தில் ஒரு வருடம், கூப்பன் அரிசி ஒழுங்காக வரத் தொடங்கியிருந்த காலம். கூப்பன் சாமான் அளக்கும் சங்கக்கடையில் சனி மத்தியான வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி அவள். கையில் நான்கு கூப்பன் புத்தகம். மனேஜர் ஒவ்வொன்றாகப் பெயரைக் கூப்பிட்டு அளந்துபோட்டார். நான்காவதைக் கூப்பிட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"ஆள் எங்க?"

"டவுனுக்குப் போயிருக்காரு" என்றாள்.

மனேஜர் அளந்தார். செத்ததற்குக் கடுதாசி இல்லாதவனுடைய கூப்பனை எந்தச் சட்டமும் வெட்ட முடியாது. அவள் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக்கொண்டாள்.

"என்னங்க மாஸ்டர் ஐயா, அப்புடிப் பாக்குறீங்க. மனுசன் இருக்கறப்ப அவர் பங்குக்கு அரைக் கொத்து வாங்கப் படாத பாடு பட்டோம். இப்ப பாருங்க, வாரம் தவறாம வருது. புள்ளைங்க ரெண்டும் அதுலதான் சாப்பிடுதுக."

நான் தலையாட்டினேன்.

"நீங்க எழுதுனீங்களே, என்னமோ சோறு போட்ட வள்ளலுன்னு. அப்ப எனக்கு வெளங்கல. சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அது என்ன சிரிப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாய் வரவில்லை. அவள் மூட்டையைச் சரிசெய்துகொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.

"நகருங்க மாஸ்டர்" என்றார் பின்னால் நின்றவர். நகர்ந்து என் கூப்பனை நீட்டினேன். மனேஜர் பெயரைக் கூப்பிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஆள்?"

"இருக்கேன்" என்றேன்.